மூளைக் கட்டிக்கு நானோ துகள் வழியாக மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்கு மூளையில் புற்றுக்கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து, உறவினர்களின் கைப்பேசிகளில் "நானோ மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்" என்ற செய்திகள் வரிசையாக வந்து விழத் தொடங்குகின்றன. அவற்றில் சில உண்மை, சில பாதி உண்மை, சில வெறும் விளம்பரம். அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு மக்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் புற்றுக்கட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவதும் மிகக் கொடியதுமான கிளையோபிளாஸ்டோமாவைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். நானோ ஆய்வுகளும் பெரும்பாலும் அதையே குறிவைக்கின்றன.

நானோ துகள் என்பது மருந்தா, மருந்தைச் சுமக்கும் உறையா?

இரண்டாகவும் இருக்கலாம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் நானோமீட்டர். மருத்துவத்தில் பயன்படும் துகள்கள் பெரும்பாலும் சில நானோமீட்டரிலிருந்து இருநூறு நானோமீட்டர் வரை இருக்கும். நம் இரத்தத்தின் சிவப்பணு ஒன்றின் குறுக்களவு சுமார் 7,000 நானோமீட்டர் என்பதால், 100 நானோமீட்டர் துகள்களை எழுபது வரிசையாக அடுக்கினால்தான் ஒரு சிவப்பணுவின் அகலம் வரும்.

கொழுப்புப் படலத்தால் ஆன நுண்ணிய உருண்டையான லைப்போசோம், உடலில் மெல்லக் கரையும் பாலிமர், இரத்தத்தில் இயல்பாகவே உள்ள அல்புமின் புரதம், தங்கம், இரும்பு ஆக்சைடு என்று துகள்களில் பல இனங்கள் உண்டு. இவை புதுமை என்று நினைப்பது தவறு. டாக்சோரூபிசின் என்ற பழைய மருந்தை லைப்போசோமுக்குள் அடைத்த டாக்ஸில் 1995-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பாக்லிடாக்செல் மருந்தை அல்புமினுடன் சேர்த்து 130 நானோமீட்டர் அளவில் செய்த அப்ராக்சேன் 2005-இல் வந்தது. ஆனால் இவ்விரண்டும் வேறு உறுப்புகளின் புற்றுநோய்க்காக அனுமதிக்கப்பட்டவை, மூளைக் கட்டிக்காக அல்ல.

மற்ற புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் மருந்தையே மூளைக்கும் கொடுத்தால் என்ன?

கொடுக்கலாம், போய்ச் சேராது. ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் 1885-இல் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றியபோது எல்லா உறுப்புகளும் நிறம் மாறின, மூளை மட்டும் வெளிறியபடியே இருந்தது. மூளைக்குச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் தன்மை இல்லை என்று அவர் நினைத்தார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913-இல் அதே சோதனையைத் திருப்பிப் போட்டார்: சாயத்தை இரத்தத்தில் ஏற்றாமல் மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் ஏற்றினார். இப்போது மூளை நீலமானது, மற்ற உறுப்புகள் நிறம் மாறவில்லை. அப்படியானால் மூளைக்குச் சாயம் பிடிக்காமல் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு மதில் இருக்கிறது. அந்த மதிலைத்தான் இரத்த-மூளைத் தடுப்பு என்கிறோம்.

அது எங்கே இருக்கிறது என்பது 1960-களின் இறுதியில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகத் தெளிவாயிற்று. மூளையின் தந்துகிகள், அதாவது மயிரிழையினும் மெல்லிய இரத்த நாளங்கள், எல்லாவற்றையும் நீட்டினால் ஏறத்தாழ 600 கிலோமீட்டர், சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை வரும். அந்த நீளம் முழுவதிலும் நாளத்தின் உட்சுவர்ச் செல்கள், மற்ற உறுப்புகளில் இருப்பதைப் போல இடைவெளி விடாமல், பூசி அடைத்தாற்போல ஒன்றோடொன்று இறுகிக் கிடக்கின்றன. வெளியே பெரிசைட் செல்களும் ஆஸ்ட்ரோசைட் செல்களின் பாதங்களும் இன்னொரு சுற்றாகக் காவல் நிற்கின்றன. இவ்வளவையும் கடந்து செல்லின் உள்ளே நுழையும் மருந்தையும், பி-கிளைக்கோபுரோட்டீன் போன்ற புரதங்கள் பிடித்து மறுபடி இரத்தத்துக்கே இறைத்துவிடுகின்றன. டாக்சோரூபிசின், பாக்லிடாக்செல் ஆகிய இரண்டும் இப்படித் திருப்பி அனுப்பப்படுபவையே. ஆய்வுக்கூடத் தட்டில் கிளையோபிளாஸ்டோமா செல்களை நன்றாகக் கொல்லும் மருந்துகள் நோயாளியிடம் பயனற்றுப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கட்டி உள்ள இடத்தில் அந்தத் தடுப்பு உடைந்திருக்கும் என்கிறார்களே?

உடைந்திருக்கும், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. இந்த ஒரு செய்தி புரிந்தால் மீதியெல்லாம் எளிதில் புரியும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கையில் கடோலினியம் என்ற மருந்தை ஏற்றுகிறார்கள். அதுவும் இயல்பான தடுப்பைத் தாண்டாது. படத்தில் கட்டியைச் சுற்றி வெள்ளை வளையமாக மின்னுவது, தடுப்பு சிதைந்து கடோலினியம் கசிந்த இடம். அறுவை மருத்துவர் பெரும்பாலும் அந்த மின்னும் பகுதியைத்தான் எடுக்கிறார். ஆனால் கிளையோபிளாஸ்டோமா, கல் போல ஓரிடத்தில் கிடக்கும் கட்டி அன்று. அறுகம்புல்லைப் போல வேர் ஓடும் கட்டி. மின்னும் வளையத்துக்கு அப்பால், படத்தில் ஏறக்குறைய இயல்பாகவே தோன்றும் மூளைத் திசுவுக்குள்ளும் புற்றுச் செல்கள் ஊடுருவியிருக்கும், அங்கே தடுப்பு பெரும்பாலும் உடையாமலே இருக்கும். அறுவைக்குப் பின் நோய் திரும்பும்போது, பெரும்பாலானோருக்குப் பழைய ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டருக்குள்தான் முளைக்கிறது.

எனவே, ஒரு துகள் கட்டியின் நடுவில் சென்று சேர்ந்தது என்று செய்தி வந்தால், அது கத்தி எடுத்துப் போடக்கூடிய இடத்துக்குச் சென்றது என்றே பொருள். எடுக்க முடியாத ஓரத்துக்குச் சென்றதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இப்போது வழக்கத்தில் உள்ள சிகிச்சை என்ன?

முடிந்த அளவு அறுவை, பிறகு ஆறு வாரக் கதிர்வீச்சு, அதனுடன் டெமோசோலமைடு மாத்திரை, அதன்பின் மாதந்தோறும் ஐந்து நாள் மாத்திரை. ரோஜர் ஸ்டப் தலைமையிலான குழு 573 நோயாளிகளிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வின் அடிப்படையில் இது உலகெங்கும் நிலைபெற்றது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப்பேர் கடந்த காலம், 12.1 மாதம், மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். கூடியது இரண்டரை மாதம்தானா என்று தோன்றும். ஆனால் இரண்டு ஆண்டைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காட்டிலிருந்து 26.5 விழுக்காடாக உயர்ந்தார்கள். கட்டியில் எம்.ஜி.எம்.டி. என்ற மரபணு மெத்தில் என்னும் வேதிக் குறியால் அடங்கிக் கிடப்பவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல்.

டெமோசோலமைடு மிகச் சிறிய மூலக்கூறு. எந்தத் துகளின் உதவியும் இல்லாமல் ஓரளவு தடுப்பைத் தாண்டுகிறது. அப்படியிருந்தும் மூளைத் தண்டுவடத் திரவத்தில் அதன் அளவு இரத்தத்தில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

தடுப்பைச் சுற்றிப் போகும் ஒரு முறையும் ஏற்கெனவே வழக்கில் உள்ளது. கட்டியை எடுத்த குழியின் சுவரில், கார்மஸ்டின் மருந்து ஊறிய காசு அளவிலான பாலிமர் வில்லைகளை, அதிகபட்சம் எட்டு, பதித்துவிட்டு மூடும் கிளியாடெல் முறை 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது நானோ அன்று, ஆனால் நானோ ஆய்வாளர்கள் பலருக்கும் முன்னோடி. இதன் குறையும் பாடமாகவே அமைந்தது: வில்லையிலிருந்து மருந்து சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் பரவுவது கடினம்.

கையில் ஏற்றிய துகள் மூளைக்குப் போகும் வழியில் என்ன ஆகிறது?

வழியிலேயே பெரும்பகுதி தொலைந்துபோகிறது. துகள் இரத்தத்தில் விழுந்த சில நொடிகளில் இரத்தப் புரதங்கள் அதன் மேல் ஒட்டிக்கொண்டு ஒரு போர்வையாகின்றன. ஆய்வகத்தில் எவ்வளவு அழகாக மேற்பரப்பைச் செய்திருந்தாலும், உடல் பார்ப்பது அந்தப் போர்வையைத்தான். வெளியாள் என்று அடையாளம் கண்ட கல்லீரலின் விழுங்கு செல்களும் மண்ணீரலும் துகள்களை வாரி எடுத்துக்கொள்கின்றன. இதைத் தள்ளிப்போடத்தான் பாலி எத்திலீன் கிளைக்கால் என்ற நீர்விரும்பும் இழைகளைத் துகளின் மேல் புல் முளைத்தாற்போல நடுகிறார்கள். 5 அல்லது 6 நானோமீட்டருக்கும் சிறியவை சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும்.

ஜப்பானின் ஹிரோஷி மயேதாவும் மட்சுமுராவும் 1986-இல், கட்டிகளின் இரத்த நாளங்கள் கசிவதால் பெரிய துகள்கள் தாமாகவே கட்டியில் தேங்கும் என்று காட்டினார்கள். அடுத்த முப்பது ஆண்டு நானோ ஆய்வு முழுவதும் இந்தக் கருத்தின் மேல் எழுந்தது. 2016-இல் டொரான்டோவின் வாரன் சான் குழு, முந்தைய பத்தாண்டில் வெளியான ஆய்வுகளின் எண்களைத் திரட்டிப் பார்த்தபோது, ஏற்றிய துகள்களில் கட்டிக்குச் சென்று சேர்வது இடைநிலையாக 0.7 விழுக்காடு என்று தெரிந்தது. ஆயிரத்தில் ஏழு! அதுவும் எலிகளில், பெரும்பாலும் மூளைக்கு வெளியே, தடுப்பு இல்லாத இடத்தில் வளர்ந்த கட்டிகளில். இந்த எண்ணைக் கேட்டுத் துறையில் பலர் சினந்தார்கள், கணக்கிட்ட முறையைக் குறை சொன்னார்கள். என் பார்வையில், துறைக்கு அது தேவையான குட்டு.

பிறகு எந்த வழியாகத்தான் தடுப்பைத் தாண்டுவது?

மூளைக்கும் உணவு வேண்டுமல்லவா? இரும்பும் கொழுப்பும் சில புரதங்களும் உள்ளே போவதற்கென்றே நாளச் சுவரில் ஏற்பிகள் என்னும் வாயில்கள் உள்ளன. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியில் ஒட்டும் ஒரு புரதத்தையோ எதிர்ப்பொருளையோ துகளின் மேல் வைத்தால், செல் அதை உணவு என்று நம்பி ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் உமிழும். பிராங்க்ஃபர்ட்டின் யோர்க் குரோய்ட்டர் 1990-களில், பாலிசார்பேட் 80 பூசிய பாலிமர் துகள்கள் மூளைக்குள் மருந்தைக் கொண்டு செல்வதைக் காட்டினார். அந்தப் பூச்சு இரத்தத்திலுள்ள அபோலிப்போபுரோட்டீன் ஈ என்ற புரதத்தை ஈர்த்து ஒட்டவைக்கிறது. அதனால் துகள் கொழுப்புப் பொட்டலம்போல் வேடம் போட்டு உள்ளே நுழைகிறது என்பது அவருடைய விளக்கம். பகையாக நினைத்த புரதப் போர்வையையே உறவாக்கிக்கொண்ட உத்தி இது.

இதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. வாயிலில் மிக இறுக்கமாக ஒட்டிக்கொண்ட துகள் மறுபக்கம் போனாலும் விடுபடாமல் சுவர்ச் செல்லிலேயே தங்கிவிடும். ஓரளவு தளர்வாக ஒட்டினால்தான் உள்ளே இறங்கும். "மூளையில் துகள் காணப்பட்டது" என்னும் ஆய்வறிக்கைகளில் அது மூளைத் திசுவில் இருந்ததா, நாளச் சுவரிலேயே சிக்கியிருந்ததா என்று பிரித்துப் பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

மனிதரில் துகள் கட்டியை அடைந்ததற்குச் சான்று உண்டா?

உண்டு. சிகாகோவில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு இதில் முக்கியமானது. சாட் மிர்க்கின் உருவாக்கிய கோள வடிவ நியூக்ளிக் அமிலம் என்ற துகளின் நடுவில் தங்கத்தின் ஒரு நுண்மணி. அதைச் சுற்றிலும் பலாக்காயின் முள் போலக் குத்திட்டு நிற்கும் குறு ஆர்.என்.ஏ. இழைகள். அந்த இழைகளின் வேலை, புற்றுச் செல் சாகாமல் காக்கும் பி.சி.எல்.2.எல்.12 என்ற மரபணுவின் வாயை அடைப்பது.

நோய் திரும்பி, எப்படியும் மறு அறுவை செய்துகொள்ள இருந்த எட்டு நோயாளிகளுக்கு முதலில் இந்தத் துகளை இரத்தத்தில் மிகக் குறைந்த அளவில் ஏற்றினார்கள். அடுத்த ஓரிரு நாட்களுக்குள் அறுவை. வெளியே எடுத்த கட்டித் திசுவில் தங்கம் இருக்கிறதா என்று தேடினார்கள். மூளையில் இயல்பாகத் தங்கம் இருக்காது என்பதால், அங்கே கிடைக்கும் தங்கம் துகளின் காலடித் தடம். தங்கம் இருந்தது, நாளச் சுவரில் மட்டுமல்லாமல் புற்றுச் செல்களுக்குள்ளும் இருந்தது. துகளை ஏற்றியதால் கடுமையான நஞ்சு விளைவு எதுவும் தென்படவில்லை. முடிவுகள் 2021-இல் வெளிவந்தன.

ஆனால் இது நோயைக் குணமாக்குகிறதா என்று பார்க்கும் சோதனை அன்று; போய்ச் சேர்கிறதா என்று மட்டும் பார்க்கும் முதல் படி. போய்ச் சேர்வது வேறு, போதிய அளவு சேர்வது வேறு, சேர்ந்து ஆயுளைக் கூட்டுவது வேறு.

தடுப்பைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டு மருந்தை அனுப்ப முடியாதா?

இப்போதைய முயற்சிகளில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இதுதான். இரத்தத்தில் நுண்ணிய வாயுக் குமிழிகளை ஏற்றிவிட்டு, மூளையின் ஓரிடத்தில் மட்டும் அல்ட்ராசவுண்ட் அலைகளைப் பாய்ச்சினால், அந்த இடத்து நாளங்களில் குமிழிகள் விரிந்து சுருங்கிச் சுவரை உள்ளிருந்து தள்ளுகின்றன. இறுகிய இணைப்புகள் சற்று நெகிழ்கின்றன. 2015-இல் டொரான்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில், மண்டையோட்டைத் திறக்காமல் வெளியிலிருந்தே இப்படித் தடுப்பைத் திறந்து கீமோதெரபி மருந்தைச் செலுத்தினார்கள்.

நார்த்வெஸ்டர்னில் ஆடம் சோனபெண்டு குழுவினர் வேறு முறையைக் கையாண்டார்கள். கட்டியை எடுக்கும் அறுவையின்போதே, மண்டையோட்டில் எடுத்த எலும்புக்குப் பதிலாக ஒன்பது ஒலியெழுப்பிகள் கொண்ட ஒரு தகட்டைப் பொருத்தித் தோலை மூடிவிட்டார்கள். பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை நோயாளி விழித்தபடியே அமர்ந்திருக்க, தோல் வழியாக ஓர் ஊசியைத் தகட்டில் செருகி, சில நிமிடங்கள் ஒலி கொடுத்து, உடனே அல்புமின் துகள் வடிவப் பாக்லிடாக்செலை ஏற்றினார்கள். வழக்கமான பாக்லிடாக்செலைக் கரைக்கப் பயன்படும் திரவம் மூளைக்கு நஞ்சு. அல்புமின் துகளில் அந்தத் திரவம் தேவையில்லை. துகள் வடிவத்தைத் தேர்ந்ததற்கு இதுவே காரணம்.

17 நோயாளிகளிடம் நடந்த இந்த முதல் கட்ட ஆய்வு 2023-இல் வெளியானது. திறந்த பகுதியில் பாக்லிடாக்செலின் அளவு, திறக்காத பகுதியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தது. திறந்த தடுப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மூடிக்கொள்ளத் தொடங்கியதும் தெரிந்தது. ஒலி முதலில், மருந்து உடனே என்ற வரிசை ஏன் முக்கியம் என்பது இதனால் விளங்கும். டெமோசோலமைடு ஆய்வை நடத்திய அதே ரோஜர் ஸ்டப் இந்தக் குழுவிலும் இருந்தார்.

மண்டையோட்டில் துளையிட்டு நேரே ஊற்றிவிடலாமே?

மெல்லிய குழாயைக் கட்டிக்குள் இறக்கி, மணிக்கணக்கில் மிக மெதுவாக அழுத்தி மருந்தைப் பரப்பும் முறை 1994-இலிருந்தே உள்ளது. தடுப்பைத் தவிர்க்கலாம், ஆனால் இன்னொரு தடை குறுக்கே வரும். மூளைச் செல்களுக்கு இடையிலுள்ள சந்துகள் மிகக் குறுகலானவை, ஒட்டும் தன்மை உள்ளவை. பெரிய துகள் குழாயின் வாயிலேயே தேங்கிவிடும். 64 நானோமீட்டருக்கு மேற்பட்டவை நகராது என்று முன்பு கருதியிருந்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஜஸ்டின் ஹேன்ஸ் குழு 2012-இல், பாலி எத்திலீன் கிளைக்கால் இழைகளை மிக நெருக்கமாக நட்டால் 114 நானோமீட்டர் துகளும் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு பரவும் என்று காட்டியது. அளவைவிட மேற்பரப்பு முக்கியம் என்ற பாடம் இங்கும் வருகிறது.

மருந்தே இல்லாத துகள்களால் கட்டியை அழிக்கும் முறை உண்டாமே?

உண்டு. பெர்லினில் உருவான நானோதெர்ம் முறையில், சுமார் 12 நானோமீட்டர் இரும்பு ஆக்சைடு துகள்கள் கலந்த திரவத்தைக் கட்டிக்குள் நேரடியாக ஊசியால் ஏற்றுகிறார்கள். பிறகு நோயாளியின் தலையை, நொடிக்கு ஒரு லட்சம் முறை திசைமாறும் காந்தப் புலத்துக்குள் வைக்கிறார்கள். துகள்கள் சூடாகின்றன, அந்தச் சூடு கட்டியைத் தாக்குகிறது, கதிர்வீச்சின் பலனையும் கூட்டுகிறது. நோய் திரும்பிய 59 கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், திரும்பிய நாளிலிருந்து இடைநிலை ஆயுள் 13.4 மாதமாக இருந்தது. ஐரோப்பாவில் 2010-இலேயே அனுமதியும் கிடைத்தது. ஆனால் அந்த ஆய்வில் சீட்டுப் போட்டுப் பிரித்த ஒப்பீட்டுக் குழு இல்லை. ஆகவே நன்மை துகளால் வந்ததா, நோயாளிகளைத் தேர்ந்த விதத்தால் வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. காந்தப் புலத்தில் சூடாகும் என்பதால் சிகிச்சைக்கு முன் பல்லில் அடைத்த உலோகத்தையும் போட்ட உலோகத் தொப்பியையும் எடுத்துவிட வேண்டும். துகள்கள் மூளையிலேயே தங்குவதால், பின்னர் அந்த இடத்தை எம்.ஆர்.ஐ. படத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. கட்டி வளர்கிறதா என்று சி.டி. போன்ற வேறு வழிகளில்தான் கவனிக்க வேண்டும்.

பிரான்சின் ஏகிக்ஸ் துகள் வேறு வகை: 5 நானோமீட்டருக்கும் சிறியது, கடோலினியம் கொண்டது. எம்.ஆர்.ஐ.யில் மின்னவும் செய்யும், கதிர்வீச்சின் தாக்குதலைக் கட்டிக்குள் கூட்டவும் செய்யும், வேலை முடிந்தபின் சிறுநீரில் போய்விடும். வேறு உறுப்பிலிருந்து மூளைக்குப் பரவிய புற்று உள்ள 15 பேரிடம் கிரெனோபிளில் நடந்த முதல் கட்ட ஆய்வு 2021-இல் வெளியானது. துகள் அந்தக் கட்டிகளில் தேங்குவதை எம்.ஆர்.ஐ. படங்களிலேயே கண்டார்கள்.

கொரோனா தடுப்பூசி போல எம்.ஆர்.என்.ஏ. துகள் மூளைக் கட்டிக்கு வந்துவிட்டதா?

புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஏலியாஸ் சயூர் குழு 2024-இல் இதைப் பற்றி எழுதியது. நோயாளியின் கட்டியிலிருந்தே எடுத்த ஆர்.என்.ஏ.வைக் கொழுப்புத் துகள் திரள்களில் அடைத்து இரத்தத்தில் ஏற்றினார்கள். இந்தத் துகள் மூளைக்குப் போகவே தேவையில்லை. உடலின் நோயெதிர்ப்புப் படையை எழுப்பிவிட்டால் போதும், தடுப்பைத் தாண்டும் வேலையை அந்தச் செல்கள் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. எலிகளில், வீடுகளில் வளர்த்து மூளைக்கட்டி வந்த 10 நாய்களில், பிறகு 4 மனிதர்களில் பார்த்தார்கள். நான்கு பேரிலும் நோயெதிர்ப்பு விரைவாகத் தூண்டப்பட்டது. நான்கு பேரை வைத்து ஆயுள் கூடுமா என்று சொல்ல இயலாது.

பக்கவிளைவுகள் உண்டா?

எதை ஏற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. லைப்போசோம் மருந்துகளை முதன்முறை ஏற்றும்போது சிலருக்கு முகம் சிவத்தல், மூச்சடைப்பு, நடுக்கம் வரலாம். அதனால்தான் மிக மெதுவாக ஏற்றுகிறார்கள். கல்லீரலிலும் மண்ணீரலிலும் பெரும்பகுதி தேங்குவதால் உலோகத் துகள்கள் அங்கே நெடுங்காலம் தங்கக்கூடும். மருந்து உண்மையிலேயே மூளைக்குள் போனால் மூளைக்குரிய விளைவுகளும் தலைகாட்டும்: சோனபெண்டு ஆய்வில் உயர்ந்த அளவு மருந்து பெற்ற சிலருக்குத் தற்காலிக மூளைக் குழப்பம் ஏற்பட்டது.

எலியில் கட்டி முழுவதும் மறைந்தது என்று படித்தோம். மனிதருக்கு எப்போது வரும்?

எலிக்கு வைக்கும் கட்டி பெரும்பாலும் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வளர்த்த செல் இனம். அது உருண்டையாக, வேகமாக, கசியும் நாளங்களுடன் வளரும். மனிதரின் கட்டியைப் போல வேரோடாது. பாய வேண்டிய தூரமும் எலி மூளையில் சில மில்லிமீட்டர்தான். அங்கே வென்ற துகள்களில் மிகப் பல மனிதரிடம் வரவேயில்லை. ஆண்டு சொல்லிக் காத்திருக்கச் சொல்வது நோயாளியின் வீட்டாருக்குச் செய்யும் கொடுமை என்பதால் நான் ஆண்டு சொல்வதில்லை. இன்றுவரை எந்த நானோ துகளும் பெரிய ஒப்பீட்டு ஆய்வில் வழக்கமான சிகிச்சையைவிட ஆயுளைக் கூட்டியதாக நிறுவப்பட்டு, கிளையோபிளாஸ்டோமாவுக்கு வழக்கமான மருந்தாகவில்லை. இவற்றை எதிர்பார்த்து அறுவையையோ கதிர்வீச்சையோ ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

தங்க பற்பமும் நானோ மருந்துதானே? அதைச் சாப்பிடலாமா?

இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. பற்பங்களில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதை ஆய்வகங்கள் கண்டிருப்பது உண்மை. ஆனால் மேலே பார்த்தபடி, சிறியதாக இருப்பதால் மட்டும் எதுவும் மூளைக்குள் போய்விடாது. மேற்பரப்பு, ஏறும் வழி, சுமக்கும் மருந்து மூன்றும் அமைய வேண்டும். சிகாகோ ஆய்வில் வேலை செய்தது தங்கம் அன்று. அதன் மேல் நட்ட ஆர்.என்.ஏ. இழை. பற்பம் மூளைக் கட்டியைக் கட்டுப்படுத்தியதாகக் காட்டிய முறையான மருத்துவ ஆய்வு இல்லை. டெமோசோலமைடு சாப்பிடுவோருக்கு இரத்த அணுக்களும் கல்லீரலும் ஏற்கெனவே சோதனைக்கு உள்ளாகின்றன. எனவே எதைச் சேர்த்து உட்கொண்டாலும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். திட்டுவார் என்று அஞ்சி மறைப்பதால்தான் இரத்த அணுக்கள் குறைந்ததற்குக் காரணம் தெரியாமல் மருத்துவர் திண்டாட நேர்கிறது.

இந்தியாவில் இத்தகைய ஆய்வுகளில் சேர முடியுமா?

இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை உயிரித்தொழில்நுட்பத் துறை 2019-இல் வெளியிட்டது. மனிதரிடம் நடக்கும் ஆய்வு எதுவாயினும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அதை இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். "நானோ சிகிச்சை" என்று சொல்லி லட்சக்கணக்கில் பணம் கேட்கும் இடத்தில் முதலில் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். முறையான ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை. ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் மருத்துவச் செலவும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-இன் புதிய மருந்துகள் விதிகள் சொல்கின்றன. எந்த நிலையிலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளும் உரிமையும் நோயாளிக்கு உண்டு.

ஆய்வில் சேரும் எண்ணம் இருந்தால் மருத்துவரிடம் எப்போது பேச வேண்டும்?

அறுவைக்கு முன்பே. பலர் கதிர்வீச்சு முடிந்து, நோய் திரும்பியபின் கேட்கிறார்கள்; அப்போது சில கதவுகள் மூடியிருக்கும். சிகாகோவின் தங்கத் துகள் ஆய்வைப் போல, அறுவையோடு இணைந்து மட்டுமே நடக்கும் ஆய்வுகள் உண்டு. ஒலித்தகடு போன்றவற்றைப் பொருத்துவதும் அறுவையின்போதுதான். மருந்து வில்லை ஏற்கெனவே பதித்திருந்தால் சேர்த்துக்கொள்ளாத ஆய்வுகளும் உள்ளன. எடுத்த கட்டித் திசுவை மருத்துவமனையில் முறையாகப் பாதுகாத்து வைக்கும்படியும், எம்.ஜி.எம்.டி., ஐ.டி.எச். ஆகிய மரபணுச் சோதனைகளின் முடிவுகளை எழுத்தில் தரும்படியும் கேட்டு வாங்கி, எம்.ஆர்.ஐ. குறுந்தகடுகளோடு ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் எந்த மருத்துவரைப் பார்க்கப் போனாலும் அவர் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.